இருபதிலும் எழுபதிலும் ஸ்டியரிங்: கஞ்சா குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் டொரன்டோ நகரில், போதைப் பழக்கத்துக்கும் மனநலத்துக்கும் சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கும் பெரிய மையம் ஒன்று இருக்கிறது. சிஏஎம்எச் என்பது அதன் சுருக்கப் பெயர். அங்கே சில ஆண்டு இடைவெளியில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. முதலாவதில் பங்கேற்றவர்கள் 19 முதல் 25 வயது வரையிலான இளைஞர்கள். முடிவுகள் 2019-ல் வெளியாயின. இரண்டாவதில் பங்கேற்றவர்கள் 65 முதல் 79 வயது வரையிலான முதியவர்கள். முடிவுகள் 2024-ல் வெளியாயின. இரு தரப்பும் கஞ்சா புகைத்தன. அரை மணி நேரம் கழித்து, சாலையைத் திரையில் காட்டும் சிமுலேட்டரில் உட்கார்ந்து வண்டி ஓட்டின.

இளைஞர்களின் வேகம் குறைந்தது. வண்டி மட்டும் தன் தடத்தில் எப்போதும் போலவே போனது. முதியவர்களுக்கு வேகமும் குறைந்தது, வண்டியும் தடத்துக்குள் இடமும் வலமுமாக அலைந்தது.

போதைப்பொருள் ஒன்று, மையம் ஒன்று, கேள்வியும் ஒன்று. விடைதான் வயதுக்கு வயது வேறாக வந்திருக்கிறது. கஞ்சாவையும் வாகனம் ஓட்டுவதையும் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘ஓட்டுநர்’ என்றால் வயதே இல்லாத ஒருவரைப் போல எழுதிவிடுகிறார்கள். பதினெட்டில் உரிமம் வாங்கியவரும், ஐம்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவரும் ஒரே விதமாகத் தடுமாறுவார்கள் என்று வைத்துக்கொண்டு ஒரே எச்சரிக்கையை இருவருக்கும் கொடுக்கிறோம். இது ஆபத்தான சோம்பல் என்பது என் கருத்து. அதனால்தான் இந்த இரண்டு பரிசோதனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்பினேன்.

எதை அளந்தார்கள்

நேரான சாலையில் எவ்வளவு தேர்ந்தவர் ஓட்டினாலும் வண்டி கோடு போட்டதுபோல் போகாது. கொஞ்சம் இடப்பக்கம் நகரும், கை திருத்தும். வலப்பக்கம் நகரும், மீண்டும் கை திருத்தும். இந்த நகர்வு சராசரியாக எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கிடுவதுதான் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் அளவுகோல். மது, தூக்க மாத்திரை, கஞ்சா எல்லாவற்றையும் இதை வைத்தே ஒப்பிடுகிறார்கள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 26 பேரைச் சிமுலேட்டரில் அல்லாமல் உண்மையான நெடுஞ்சாலையிலேயே ஓட்டவைத்த ஆய்வு 2020-ல் வெளியானது. கஞ்சாவில் போதை தரும் முதன்மை வேதிப்பொருளான டிஎச்சி உள்ளே போன 40 முதல் 100 நிமிடங்களுக்குள் இந்த அலைவு ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் கூடியது. கேட்பதற்கு ஒரு கட்டைவிரல் அகலம்தான். ஆனால், பல நாடுகளில் சட்ட வரம்பாக இருக்கும் 0.05 சதவீத மதுபோதையில் ஒருவர் அலையும் அலைவும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது வேறுபாடு இல்லை. போதை தராத சிபிடி என்ற மற்றொரு பொருளை மட்டும் எடுத்தவர்களின் ஓட்டம் மாறவில்லை. ஆனால் டிஎச்சியோடு சிபிடியைக் கலந்து கொடுத்தபோது டிஎச்சியின் பாதிப்பை அது குறைக்கவும் இல்லை. சிபிடி கலந்த கஞ்சா ‘மென்மையானது’ என்று நம்பி வண்டி எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இளைஞர்கள்: சோதனையில் தெரியாத பாதிப்பு

டொரன்டோவின் முதல் ஆய்வில் 91 பேர் முழுமையாகப் பங்கேற்றார்கள். வாரத்துக்கு ஒன்று முதல் நான்கு நாள் வரை கஞ்சா பயன்படுத்துகிறவர்கள். ஒரு பகுதியினருக்கு 12.5 சதவீத டிஎச்சி உள்ள கஞ்சா. மற்றவர்களுக்குப் போதையில்லாத போலி. யாருக்கு எது என்பது பங்கேற்றவருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. எவ்வளவு புகைப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். அரை மணி நேரம், 24 மணி நேரம், 48 மணி நேரம் கழித்து ஓட்டச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் வேகம் குறைந்தது, இதயத் துடிப்பு கூடியது. தடத்துக்குள் அலைவு மாறவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிச்சமிருந்த பாதிப்பு மிகச் சொற்பம்.

இதை மட்டும் படித்துவிட்டு ‘இளைஞர்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட முடியுமா? மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆய்வைப் பக்கத்தில் வைத்தால் அந்த எண்ணம் நிற்காது. 2018-ல் வெளியான அந்த ஆய்வில் 18 முதல் 24 வயது வரை உள்ள 45 பேர். எப்போதாவது மட்டும் கஞ்சா எடுப்பவர்கள். 100 மில்லிகிராம் கஞ்சாவை உள்ளிழுத்து ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி நேரம் கழித்து ஓட்டிக் காட்டினார்கள். வெறிச்சோடிய, எதிர்பாராதது எதுவும் நடக்காத சாலையில் அவர்களும் ஒழுங்காகவே ஓட்டினார்கள். கவனத்தைப் பிரிக்கும் சிக்கலான சூழல்களைத் திரையில் கொண்டுவந்தபோதுதான் தவறுகள் கூடின. அதுவும் ஐந்து மணி நேரம் கழித்தும் கூடுதலாகவே இருந்தன.

இங்கேதான் இந்த நிகழ்வின் முதல் முடிச்சு அவிழ்கிறது. மது குடித்தவர் துணிச்சல் கூடி வேகமெடுப்பார். கஞ்சா எடுத்தவர் பெரும்பாலும் தன் நிலையை ஓரளவு உணர்ந்து வேகத்தைக் குறைப்பார், முன்னால் போகும் வண்டியிடமிருந்து இடைவெளி விடுவார். 1990-களில் நெதர்லாந்தில் சாலையிலேயே நடத்திய சோதனைகளில் இது பதிவாகியிருக்கிறது. இந்தச் சரிக்கட்டல் இளம் மூளைக்கு நன்றாகவே கைவருகிறது. கைக்கும் கண்ணுக்கும் உள்ள வேகம் அவர்களிடம் நிறைய மிச்சமிருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் தடத்தில் நிற்க அது போதும். ஆனால் முன்கூட்டியே தெரிந்த ஆபத்தை மட்டுமே சரிக்கட்ட முடியும். நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரும்போது, பின்சீட்டில் நண்பர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, சிக்னல் மாறும் அதே நொடியில் கைபேசி அதிரும்போது சரிக்கட்ட நேரமில்லை. இளைஞர்கள் உண்மையில் எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மான்ட்ரியல் ஆய்வின் சிக்கலான சூழல்தான் அவர்களுடைய அன்றாடச் சாலை. டொரன்டோவின் அமைதியான சாலை அவர்களுக்கு விதிவிலக்கு.

இன்னொன்றும் உண்டு. திட்டமிடுவது, உந்துதலை அடக்குவது, ஆபத்தை எடைபோடுவது ஆகியவற்றைக் கவனிக்கும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முழுமையாக வளர்ந்து முடிவதில்லை. டிஎச்சி ஒட்டிக்கொள்ளும் சிபி1 ஏற்பிகள் அந்தப் பகுதியிலும், அசைவைச் சீராக்கும் சிறுமூளையிலும், நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸிலும் அடர்த்தியாக இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மக்லீன் மருத்துவமனை 2020-ல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட காலமாக அதிகம் எடுப்பவர்களைக் குறைந்தது 12 மணி நேரம் எதுவும் எடுக்காத நிலையில், போதையே இல்லாதபோது, சிமுலேட்டரில் ஓட்டவைத்தது. அவர்கள் அதிகம் மோதினார்கள், வேகம் கூட்டினார்கள், சிவப்பு விளக்கில் நிற்கத் தவறினார்கள். இந்தக் குறை பெரும்பாலும் 16 வயதுக்கு முன்பே கஞ்சாவைத் தொடங்கியவர்களிடம்தான் தெரிந்தது. ஆனால் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவசரபுத்தி உள்ள சிறுவர்கள்தான் சீக்கிரம் கஞ்சாவைத் தொடுகிறார்களா, கஞ்சாதான் அவசரபுத்தியை வளர்த்ததா என்பதை ஒருமுறை மட்டும் பார்க்கும் ஆய்வு பிரித்துச் சொல்லாது. அவசரபுத்தியைக் கணக்கில் சேர்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு சுருங்கியதை அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறவருக்கும் இந்த வேறுபாடு பெரிதல்ல. பதினைந்து வயதில் தொடங்கிய ஒருவர் பதினெட்டில் உரிமம் வாங்கும்போது, ‘இன்று எடுக்கவில்லையே’ என்பது மட்டும் போதுமான பதில் ஆகாது.

5 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் உலகில் அதிகம் இறப்பது சாலை விபத்துகளில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சா இல்லாமலே இந்த நிலை.

முதியவர்கள்: மிச்சமில்லாத கையிருப்பு

இரண்டாவது ஆய்வில் 31 பேர், அவர்களில் 21 பேர் ஆண்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. அதனால் இவர்கள் தாங்கள் வழக்கமாக வாங்கும் கஞ்சாவையே கொண்டுவந்து புகைத்தார்கள். அதில் டிஎச்சி சராசரியாக 18 சதவீதத்துக்கு மேல். எதுவும் புகைக்காத இன்னொரு நாளிலும் அதே ஓட்டத்தை ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

அரை மணி நேரத்தில், வேறு வேலை எதுவும் தராமல் வெறுமனே ஓட்டச் சொன்னபோதே அலைவு கூடியது, வேகமும் குறைந்தது. மூன்று மணி நேரத்தில் அலைவில் வேறுபாடு இல்லை. ஆனால் போதை ஏறியிருக்கிற உணர்வு ஐந்து மணி நேரம் வரை நீடித்ததாக அவர்கள் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்து, அளவுகோல் சரியாகிவிட்ட பிறகும், ‘இப்போது வண்டி எடுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது’ என்றே பதில் தந்தார்கள். இந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அனுபவம் என்று நாம் சொல்வதன் நல்ல பக்கம் இது.

அலைவு இளைஞர்களிடம் தெரியாமல் இவர்களிடம் தெரிந்தது ஏன்? வண்டியைத் தடத்தில் நிறுத்துவது யோசித்துச் செய்யும் வேலை இல்லை. கண் பார்க்கிறது, சிறுமூளை கணிக்கிறது, கை திருத்துகிறது. நொடிக்குள் இது நடந்துவிடும். வயது கூடக்கூட இந்தச் சுற்று தானாகவே மெதுவாகிறது. ஒரே பார்வையில் பிடிபடும் காட்சிப் பரப்பும் சுருங்குகிறது, இருட்டுக்குக் கண் பழகவும் நேரமாகிறது. தினசரி ஓட்டத்தில் முதியவர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கிறார்கள். இரவில் எடுப்பதில்லை, கூட்ட நேரத்தைத் தவிர்க்கிறார்கள், பழகிய வழியிலேயே போகிறார்கள். அதாவது வேகத்தைக் குறைத்தும் வழியைத் தேர்ந்தும் செய்யும் சரிக்கட்டலை அவர்கள் ஏற்கெனவே முழுவதுமாகச் செலவழித்துவிட்டார்கள். அதன் மேல் கஞ்சா வந்து உட்காரும்போது ஈடுகட்டக் கையில் எதுவும் மிச்சமில்லை. என் வாசிப்பில் டொரன்டோ நிகழ்வின் மையம் இதுதான்.

உடலும் மாறியிருக்கிறது. டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். வயதாகும்போது தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, கல்லீரல் மருந்துகளை வெளியேற்றும் வேகம் குறைகிறது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடும் வலிக்கான ஓபியாய்டு மருந்து என மயக்கம் தருபவை பலவும் இந்த வயதில்தான் வரிசையாகச் சேர்கின்றன. கஞ்சாவோடு அவை சேரும்போது மயக்கமும் சேர்ந்தே கூடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் கஞ்சாவுக்குப் பிறகு எழுந்து நிற்கையில் தலைசுற்றல் வருவதும் எதிர்பார்க்க வேண்டியதே.

இன்னொரு பொறி, இளமையின் ஞாபகம். அன்று புகைத்த கஞ்சாவை வைத்து இன்றைய அளவைத் தீர்மானிக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவைச் சோதித்தபோது, 1995-ல் டிஎச்சி சராசரியாக 4 சதவீதமாக இருந்தது, 2014-ல் ஏறத்தாழ 12 சதவீதம் ஆகியிருந்தது. டொரன்டோ முதியவர்கள் கொண்டுவந்ததோ அதற்கும் மேல். இழுப்பின் எண்ணிக்கை அதேதான், உள்ளே போவது வேறு.

ஒப்பிடுவதில் எச்சரிக்கை

இரண்டு ஆய்வையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து ‘முதியவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்’ என்று தீர்ப்பு எழுதுவது நேர்மையாகாது. இளைஞர்களின் ஆய்வில் போலிக் கஞ்சா இருந்தது. முதியவர்களின் ஆய்வில் எல்லோருக்கும் தாங்கள் புகைத்தது தெரியும். புகைத்ததன் வீரியமும் வேறு. இளைஞர்கள் தனித்தனிக் குழுக்கள். முதியவர்கள் தங்களோடு தாங்களே ஒப்பிடப்பட்டவர்கள், இந்த முறை சிறிய மாற்றத்தையும் எளிதில் பிடித்துவிடும். அதனால் இந்த இரண்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ‘எவ்வளவு’ என்பதை அல்ல, ‘எங்கே’ என்பதை. இளைஞர்களிடம் பாதிப்பு கவனத்திலும் முடிவெடுப்பதிலும் ஒளிந்திருக்கிறது. முதியவர்களிடம் அது ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே தெரிகிறது.

நடுவயதின் நம்பிக்கை

இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில் 21 முதல் 55 வயது வரை 191 பேர். எல்லோரும் வழக்கமாகக் கஞ்சா எடுப்பவர்கள். அரை மணி நேரத்தில் ஓட்டம் மோசமானது. ஒன்றரை மணி நேரத்திலும் அப்படியே இருந்தது. மூன்றரை மணி நேரத்தில் எல்லைக்கோட்டில் நின்றது. நான்கரை மணி நேரத்தில் சரியானது.

ஓட்டம் இப்படி இருக்க, அவர்களுடைய மனநிலை வேறு வழியில் போனது. அரை மணி நேரத்தில் பலர் வண்டி எடுக்கத் தயங்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பான்மையோர், ‘இப்போது ஓட்டுவேன்’ என்றார்கள். திறன் இன்னும் திரும்பவில்லை, தைரியம் மட்டும் திரும்பிவிட்டது. டொரன்டோ முதியவர்கள் சரியான பிறகும் தயங்கினார்கள். இவர்கள் சரியாகும் முன்பே துணிந்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் நாள் முழுக்க வண்டி ஓட்டியாக வேண்டிய வயது இது. கஞ்சா ஆய்வுகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த ஒன்றரை மணி நேரம்தான்.

இரத்தத்தில் இருக்கும் எண்

சட்டம் எளிய எண்ணைக் கேட்கிறது. மது விஷயத்தில் அது கிடைத்தது: இரத்தத்தில் மது கூடக்கூடத் தடுமாற்றமும் கூடும். கஞ்சாவில் அப்படி நடப்பதில்லை. டொரன்டோவின் முதியவர்களிடமும் சான் டியாகோவின் நடுவயதினரிடமும் இரத்தத்தில் இருந்த டிஎச்சி அளவுக்கும் ஓட்டம் கெட்ட அளவுக்கும் தொடர்பே தெரியவில்லை. காரணம் விளங்காததல்ல. புகைத்தால் சில நிமிடங்களில் இரத்தத்தில் டிஎச்சி உச்சத்தைத் தொட்டு, வேகமாகச் சரிந்துவிடும். மூளையில் வேலை அதற்குப் பிறகும் தொடரும். மாறாக, தினமும் எடுப்பவர் நிறுத்திப் பல நாளான பிறகும், கொழுப்பிலிருந்து கசியும் டிஎச்சி இரத்தத்தில் சிறிதளவு இருந்துகொண்டே இருக்கும்.

இருந்தாலும் நாடுகள் எண்ணை எழுதிவைத்திருக்கின்றன. கனடாவில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமில் குற்றம் தொடங்குகிறது, 5-ல் அது கடுமையாகிறது. ஜெர்மனி கஞ்சாவை அனுமதித்த 2024-ஆம் ஆண்டிலேயே வரம்பை 3.5 நானோகிராம் என்று மாற்றியது. வயதைக் கணக்கில் எடுத்த இடங்களும் உண்டு: ஜெர்மனியில் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் டிஎச்சியோடு ஓட்டவே தடை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 21 வயது வரை துளியும் கூடாது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் 21-க்குக் கீழ் வரம்பு பூஜ்யம். மூன்றும் கோடு கிழித்திருப்பது இளமையின் பக்கம். அது சரியான கோடு என்றே நினைக்கிறேன். முதுமையின் பக்கம் சட்டத்தால் கோடு போடுவதை நான் கேட்கவில்லை. அந்த வேலை மருத்துவரின் அறையில் நடக்க வேண்டியது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை வர்ஜீனியா பீச் நகரில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கஞ்சாவுக்கு ஆதரவாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அதுதான். விபத்தில் சிக்கிய 3,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை, சிக்காத ஏறத்தாழ 6,000 பேரோடு ஒப்பிட்டார்கள். டிஎச்சி இருந்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்று முதல் கணக்கு சொன்னது. வயது, பாலினம் போன்றவற்றைச் சேர்த்ததும் அது பெரும்பாலும் கரைந்தது. மதுவையும் சேர்த்ததும் எதுவும் மிஞ்சவில்லை. ‘கஞ்சாவால் விபத்து இல்லை’ என்று இதைச் சிலர் படிக்கிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். டிஎச்சி இருந்தவர்களில் இளம் ஆண்கள் அதிகம், விபத்தில் சிக்குபவர்களிலும் இளம் ஆண்கள் அதிகம். மேலும் அந்த ஆய்வு பார்த்தது உமிழ்நீரிலோ இரத்தத்திலோ டிஎச்சி இருந்ததா என்பதை. அந்த நேரத்தில் போதை இருந்ததா என்பதை அல்ல. நேற்று புகைத்தவரும் பத்து நிமிடம் முன் புகைத்தவரும் ஒரே பட்டியலில் விழுந்தால் ஆபத்து நீர்த்துத்தான் தெரியும். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பிற மதிப்பீடுகள், விபத்து வாய்ப்பு சுமார் 1.2 மடங்கிலிருந்து 2 மடங்கு வரை கூடுவதாகவே சொல்கின்றன.

மணிக்கணக்கு

சிட்னியில் உள்ள ஆய்வாளர்கள் 80 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கஞ்சாவின் பாதிப்பு அளவையும் வடிவத்தையும் பழக்கத்தையும் பொறுத்து 3 முதல் 10 மணி நேரம் வரை நீடிக்கிறது. புகைப்பதைப் பற்றி ஓரளவு துணிந்து சொல்லலாம்: நான்கு மணி நேரத்துக்குள் யாரும் வண்டி எடுக்கக் கூடாது. எப்போதாவது எடுக்கும் இளைஞர் ஐந்து மணி நேரம் கழித்தும் தவறு செய்ததை மான்ட்ரியலில் பார்த்தோம். அவர் அன்று சாவியைத் தொடாமல் இருப்பதே சரி. மதுவும் சேர்ந்திருந்தால் மணிக்கணக்கு பார்ப்பதற்கே இடமில்லை. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன.

தின்னும் வடிவம்தான் முதியவர்கள் விஷயத்தில் பெரிய சிக்கல். இருமல் வரும், நுரையீரல் தாங்காது என்று பலர் புகையை விட்டு மிட்டாய்க்கும் எண்ணெய்க்கும் மாறுகிறார்கள். வயிற்றின் வழியாகப் போகும்போது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எதுவும் தெரியாது. ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொன்று சாப்பிடுவார்கள். கல்லீரல் டிஎச்சியை அதைவிடவும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி அனுப்பும். பாதிப்பு எட்டு மணி நேரத்தையும் தாண்டலாம். தூக்கத்துக்காக இரவு பதினொரு மணிக்குத் தின்றுவிட்டு, கூடவே தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்ட ஒருவர், காலை ஆறு மணிக்கு மருத்துவப் பரிசோதனைக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்புவார். தான் போதையில் ஓட்டுவதாக அவருக்கு எண்ணமே இருக்காது. அவரிடம் மருத்துவர் ‘கஞ்சா எடுக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்டுக் கட்டத்தில் டிக் போட்டால் போதாது. எந்த வடிவில், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, அதோடு எந்த மாத்திரை, மறுநாள் முதலில் வண்டி எடுப்பது எத்தனை மணிக்கு என்று ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.